கருப்பர் வாயில் இருந்த சுருட்டு

சாமி கும்பிடத் தெரிந்தவர்கள் இந்த உலகத்தில் கோடிப்பேர் இருக்கலாம். சாமியிடம் கோபித்துக்கொண்டவர்கள்கூட ஊருக்கு நாலு பேர் இருப்பார்கள். சாமியின் வாயில் இருந்த சுருட்டைப் பிடுங்கிக் கீழே போட்டு மிதித்தவள், எனக்குத் தெரிந்தவரை, நான் ஒருத்திதான். (பெருமைக்காகச் சொல்லவில்லை. அன்றைக்கு மட்டும் பூமி கொஞ்சம் வாயைத் திறந்திருந்தால் முதல் ஆளாக உள்ளே போய்ப் படுத்திருப்பேன்.)

எனக்குக் கல்யாணமாகி மூன்றாம் மாதம் என் வீட்டுக்காரர் பர்மாவுக்குக் கப்பல் ஏறினார். திருமயம் பக்கத்து ஊர்களில் அப்போது அதெல்லாம் சாதாரணம். அங்கே ஓர் அரிசி மில்லில் வேலை. “ரெண்டு வருசத்துல வந்துருவேன் புள்ள” என்று சொல்லிவிட்டுப் போனவர் அதற்கப்புறமும் பல வருஷம் வரவில்லை. நான் காத்திருந்தேன். காத்திருந்தேன் என்று ஒரு வார்த்தையில் எழுதிவிட்டேன், அது அவ்வளவு லேசா? மூன்று மாதம் பார்த்த முகம் எனக்கு மறந்தே போய்விட்டது. கட்டின புருஷன் முகம் மறந்துபோச்சு என்று யாரிடம் போய்ச் சொல்வது? சாப்பிடும்போது மாமியார் முகத்தைப் பார்த்து, மூக்கு இப்படித்தான் இருக்கும், நெற்றி இப்படித்தான் இருக்கும் என்று மனசுக்குள் கூட்டிச் சேர்த்துக்கொள்வேன். (என் மாமியாரோ, நான் அவர் தட்டைத்தான் பார்க்கிறேன் என்று நினைத்து, கருவாட்டைச் சோற்றுக்குள் புதைத்து வைத்துக்கொள்வார்.)

அப்புறம் சண்டை வந்தது. ரங்கூனில் ஜப்பான்காரன் குண்டு போட்டுவிட்டான் என்றார்கள். கடுதாசி நின்றது. மாமனார் மகன் பேரைச் சொல்லிக்கொண்டே போய்ச் சேர்ந்தார். வீட்டில் நாங்கள் இரண்டு பொம்பளைகள் மட்டும்.

ஒரு நாள் காலையில் நான் வாசலில் சாணி தெளித்துக்கொண்டிருந்தேன். எலும்பும் தோலுமாய் ஓர் ஆள் வந்து நின்று, “வெள்ளையம்மா” என்றான். “ஒண்ணும் இல்ல, அங்கிட்டுப் போய்யா” என்று விரட்டினேன். பிச்சைக்காரனுக்கு என் பேர் எப்படித் தெரியும் என்று யோசிக்கிற புத்தி, அவன் போகாமல் நின்று சிரித்த பிறகுதான் வந்தது. என் வீட்டுக்காரர்தான், பர்மாவிலிருந்து மலையும் காடும் தாண்டி நடந்தே வந்திருக்கிறார். ஊரைவிட்டுப் போகும்போது எடுத்துப்போன பெட்டி இல்லை, உடம்பில் இருந்த சதை இல்லை. உதட்டில் மட்டும் ஒரு சுருட்டு இருந்தது.

அந்தச் சுருட்டுதான் எனக்குச் சக்களத்தி. காலையில் எழுந்ததும் அது, கஞ்சி குடித்ததும் அது, என்னோடு பேசிக்கொண்டிருக்கும்போதும் நடுவில் அது. கூடவே ஓர் இருமல். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தாரென்றால் நிமிர நேரமாகும். வண்டி கட்டிப் புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார்: “சுருட்டை இன்னியோட விட்டா இந்த ஆள் பிழைப்பாரு. விடலேன்னா அடுத்த மழைய இவரு பாக்க மாட்டாரும்மா.”

இத்தனை வருஷம் காத்துக் கிடந்தது ஒரு மழைக்கா? வண்டியில் ஏறியதும் அவர் கையை எடுத்து என் தலையில் வைத்தேன். “இனிமே தொட மாட்டேன்னு சொல்லுங்க.” அவர் சொன்னார். சொல்லும்போதே மடியில் இருந்த சுருட்டுக் கட்டை எடுத்து வழியில் இருந்த கண்மாயில் எறிந்தார். எறிந்துவிட்டு, அது மிதந்து போவதைக் கண்ணுக்கு மறைகிறவரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார். நான் பர்மாக் கப்பலைக்கூட அப்படிப் பார்த்ததில்லை.

விடுவது பெரிசில்லை. விட்ட பிறகு இருப்பதுதான் பாடு. சாப்பிட்டு எழுந்ததும் அவர் கை தானாகக் காதுக்குப் போகும். அங்கேதான் பாதிச் சுருட்டைச் சொருகி வைப்பது பழக்கம். காது வெறுமையாக இருப்பதைத் தடவிப் பார்த்துவிட்டு, ஏதோ நமைச்சல் மாதிரிச் சொறிந்துகொள்வார். கண்மாய்க் கரையில் நாலு பேர் சுருட்டோடு உட்கார்ந்திருந்தால், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துப் போய் உட்கார்வார். கேட்டால், “வெயில் மூஞ்சில அடிக்குது, அதான் இங்கிட்டு ஒக்காந்தேன்” என்பார். (வெயில் சாய்ந்து ரொம்ப நேரமாகியிருக்கும்.)

நான் சும்மா விடுவேனா? வறுத்த புளியங்கொட்டையை அவர் மடியில் கட்டிவிட்டேன். சுக்குத் துண்டைக் கையில் திணித்தேன். எதையாவது மென்றுகொண்டே இருக்க வேண்டும் என்பது என் சட்டம். வெளியே போய்விட்டு வந்தால் வாசலிலேயே நிறுத்தி, “ஊதுங்க” என்பேன். அவர் குனிந்து ஊதுவார், நான் எக்கி மோந்து பார்ப்பேன். ஒரு தடவை அந்த நிலையில் மாமியார் பார்த்துவிட்டு, “பட்டப்பகல்லயாடி? ஊரே பாக்குதுடி!” என்று தலையில் அடித்துக்கொண்டு உள்ளே ஓடினார்.

திருமயம் கடைத்தெருவில் ராவுத்தர் ஒருவர் கடை வைத்திருந்தார். சுருட்டு, கருப்பட்டி, மிளகாய் வற்றல் எல்லாம் அங்கேதான். நானே போய், “மாமா, அவுக வந்து சுருட்டுக் கேட்டா குடுக்காதீங்க” என்றேன்.

“ஏத்தா, கடை தொறந்து வச்சிருக்கதே குடுக்கத்தானே?” என்று சிரித்தவருக்கு, டாக்டர் சொன்னதைச் சொன்னதும் முகம் மாறிவிட்டது. “சரித்தா. ஒம் மாப்ள சுருட்டுக் கேட்டா நான் கருப்பட்டியக் கட்டிக் குடுத்துர்றேன்.”

ராவுத்தர் சொன்ன சொல் தவறவில்லை. அடுத்த சந்தைக்கு என் வீட்டுக்காரர் கருப்பட்டியோடு வந்தார். அதற்கடுத்த சந்தைக்கும் கருப்பட்டி. “எம் மவனுக்கு வீட்டு மேல என்னா அக்கறை!” என்று மாமியார் பூரித்துப் போனார். நானோ ஒவ்வொரு கருப்பட்டியையும் பார்த்து, ஓகோ, இன்றைக்கும் கேட்டிருக்கிறார் என்று வயிறெரிந்தேன்.

இப்படி ஓட்டிக்கொண்டிருக்கும்போதுதான் கருப்பர் குறுக்கே வந்தார்.

எங்கள் ஊர்க் கருப்பர் கோயிலில் சாமி இறங்குவது என் மாமனார் வீட்டு ஆள்மேல்தான். அது தலைமுறையாக வருகிற பாத்தியம். மாமனார் போன பிறகு, மகன் பர்மாவில் இருந்ததால், சில வருஷமாகப் படைப்பில் சாமி இறங்கவே இல்லை. கிடா வெட்டினார்கள், பொங்கல் வைத்தார்கள், யாருக்கும் திருப்தியில்லை. இந்த வருஷம் மகன் வந்துவிட்டார், சாமியும் வந்துவிடும் என்று ஊரே காத்திருந்தது. அதில் தப்பில்லை. ஆனால் கருப்பர் இறங்கினால் முதலில் கேட்பது சுருட்டு. அதைப் பற்றவைத்து இழுத்த பிறகுதான் வாக்குச் சொல்வார்.

ஊர் அம்பலகாரர் வீட்டுக்கு வந்து படைப்புக்கு நாள் குறித்ததைச் சொன்னபோது நான் கதவோரம் நின்று கேட்டேன்: “சுருட்டு இல்லாம சாமி வராதுங்களா?”

“என்னத்தா பேசுற? விருந்துக்கு வந்த மருமகனுக்கு எலையப் போட்டுட்டு, சோறு வைக்காம ஒக்கார வைப்பியா?”

அன்றைக்குச் சாயங்காலம் என் வீட்டுக்காரரிடம், பண்ணின சத்தியம் என்னாவது என்று கேட்டேன். அவர் முகத்தில் பல நாளாகக் காணாத ஒரு வெளிச்சம். “நான் குடிக்க மாட்டேன்னுதானே புள்ள சத்தியம் பண்ணுனேன்? சாமி பண்ணலையே” என்றார். அதிலிருந்து அவருக்குப் பக்தி பொங்கி வழிய ஆரம்பித்தது. இரண்டு வேளைக் குளியல் என்ன, நெற்றி நிறைய விபூதி என்ன! படைப்புக்கு இன்னும் எத்தனை நாள் இருக்கிறது என்று எதிர்ப்பட்டவரையெல்லாம் கேட்டார். ஒரு வெள்ளிக்கிழமை, அவருக்கே பொறுக்க முடியவில்லை போலிருக்கிறது, வீட்டு முற்றத்திலேயே உடம்பு முறுக்கிக்கொண்டு எழுந்து, “வந்திருக்கேன்டா! சுருட்டுக் கொண்டாங்கடா!” என்று அலறினார்.

மாமியார் தடாலென்று காலில் விழுந்தார். நான் அடுக்களைக்குள் போய், வறுத்த புளியங்கொட்டையை ஒரு கை அள்ளி வந்து பயபக்தியோடு நீட்டினேன். சாமி அதைப் பார்த்தது. என்னைப் பார்த்தது. சத்தமில்லாமல் மலையேறிவிட்டது.

சிரித்தேன்தான். ஆனால் பயமும் இருந்தது. ஒரு சுருட்டு இழுத்தால் அதோடு நிற்குமா? கண்மாயில் எறிந்ததைத் திரும்பிப் பார்த்தவர், கைக்கு வந்ததை விடுவாரா? விட்ட இடத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தால் அந்த நெஞ்சு தாங்குமா?

அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. (என் மூளை வேலை செய்கிற நாளெல்லாம் எங்கள் வீட்டில் ஏதாவது உடையும்.) சாமிக்குச் சுருட்டுத் தட்டு கொண்டுபோவது சாமியாடி வீட்டுப் பொம்பளையின் வேலை. அதாவது என் வேலை. ராவுத்தர் கடைக்குப் போனேன். ஆடாதோடை இலை, ஓமம், தும்பை எல்லாவற்றையும் காயவைத்து நொறுக்கி எடுத்துப்போயிருந்தேன். “மாமா, இத உள்ள வச்சு வெளிய சுருட்டு மாதிரியே சுத்திக் குடுங்க. நெஞ்சுக்கு நல்லது.”

ராவுத்தர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “ஒங்க சாமிய ஏமாத்த என்னைய ஏன்த்தா இழுக்குற?” என்றார். ஆனாலும் சுற்றிக் கொடுத்தார். மெழுகிவிட்டது போல அவ்வளவு அழகான சுருட்டு. புகை எதுவானாலும் புண்பட்ட நெஞ்சுக்கு ஆகாது என்கிற அறிவெல்லாம் எனக்கு அப்போது ஏது? வைத்தியம் செய்கிற நினைப்பில் தட்டில் வெற்றிலையோடு வைத்துக்கொண்டு போனேன்.

படைப்பன்று உச்சிப்பொழுது. வெயில் மண்டையைப் பிளக்கிறது. சுற்றுப்பட்டு ஊரெல்லாம் வந்திருந்தது. உறுமி உறும, கொட்டு முழங்க, அவர் அரிவாளோடு வந்து நின்றார். உடம்பு நடுங்க ஆரம்பித்தது. இது முற்றத்தில் பார்த்த ஆட்டமில்லை என்று எனக்கே தெரிந்தது. கண் சிவந்து, முகம் வேறாகி, எனக்குப் பயமாக இருந்தது. பொம்பளைகள் குலவையிட்டார்கள். பல வருஷம் கழித்து வந்த சாமியைப் பார்த்து ஆம்பளைகள்கூட அழுதார்கள்.

“சுருட்டு எங்கடா?”

பூசாரி என் தட்டிலிருந்து எடுத்துப் பற்றவைத்துக் கொடுத்தார். கருப்பர் ஆழமாக ஓர் இழுப்பு இழுத்தார்.

அப்புறம் இருமினார்.

கருப்பர் இருமி யாரும் பார்த்ததில்லை. இருமல் என்றால் அப்படி ஓர் இருமல். மூக்கில் வழிந்து, கண்ணில் வழிந்து, அரிவாளை ஊன்றிக்கொண்டு சாமி குனிந்து குனிந்து இருமியது. கொட்டுக்காரர்கள் கை நின்றுபோனது. “சாமி இருமிருச்சு! தெய்வக் குத்தம் வந்துருச்சு! இந்த வருசம் மழ பெய்யாது!” என்று ஒரு கிழவர் கத்தினார். அவ்வளவுதான். கூட்டத்தில் இருந்த அத்தனை ஆம்பளையும் மடியை அவிழ்த்தான். “இத எடுத்துக்க சாமி!” “இது நயம் சுருட்டு சாமி!” “எம் பிள்ளையக் காப்பாத்து சாமி!” நாலு பக்கமும் சுருட்டு நீண்டது. திருச்சிச் சுருட்டு, நாட்டுச் சுருட்டு, அவரவர் மாமனார் வீட்டில் வாங்கின சுருட்டு. ஒரு சுருட்டை மறைக்கப் போன நான், ஊர்ச் சுருட்டு மொத்தத்தையும் என் புருஷன் முன்னால் கொண்டுவந்து குவித்துவிட்டேன்.

ஒருவர் நல்லதாக ஒன்றை எடுத்து வாயிலேயே வைத்துவிட்டார். இன்னொருவர் கொள்ளியோடு ஓடிவந்தார். சாமி நிமிர்ந்தது. அந்த முகத்தை நான் பார்த்தேன். வாசலில் வந்து நின்ற அன்றைக்கு, நான் போட்ட சோற்றைப் பார்த்தாரே, அதே பார்வை. அவ்வளவு ஆசையை ஒரு மனுஷன் முகத்தில் பார்த்தால் கல்லும் கரையும். எனக்கும் ஒரு கணம், குடிச்சிட்டுப் போகட்டுமே என்றுதான் இருந்தது. கொள்ளி கிட்டே வந்தது.

எப்படி ஓடினேன் என்று தெரியாது. பொம்பளைகள் தாண்டக் கூடாத கோட்டைத் தாண்டி, சாமி வாயில் இருந்த சுருட்டைப் பிடுங்கிக் கீழே போட்டு மிதித்தேன்.

மாமியார் எங்கேயோ மயங்கி விழுந்த சத்தம்தான் முதலில் கேட்டது.

“ஏத்தா, என்னையவா தடுக்குற?” என்றது சாமி. குரல் அவருடையது இல்லை.

என் வாய் யாருக்காவது அடங்கினால்தானே? அழுகையும் ஆத்திரமுமாய்ச் சத்தம் போட்டேன்: “நீ சாமி! ஒனக்கு இந்த ஊர்ல எத்தனையோ ஒடம்பு இருக்கு. இவுக போனா இன்னொருத்தர் மேல எறங்கிக்குவ. எனக்கு இருக்கது இந்த ஒரு ஒடம்புதான். இதுக்குத்தான் இத்தன வருசம் காத்துக் கெடந்தேன். வந்து சேந்து ஒரு வருசம்கூட ஆகல. எனக்கு இன்னும் ஆச தீரல! இத எனக்குக் குடுத்துரு!”

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்பது என் காதிலேயே விழுந்தது. அம்பலகாரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பூசாரி தீபத்தட்டையே உற்றுப் பார்த்தார். பின்னால் ஒரு குமரி களுக்கென்று சிரித்து, யாரிடமோ குட்டு வாங்கினாள். புருஷன் பேரைக்கூடச் சொல்லக் கூடாது என்று வளர்ந்தவள் நான். ஆசை தீரவில்லை என்று சுற்றுப்பட்டு ஊரையே கூட்டி வைத்துச் சொல்லிவிட்டு நிற்கிறேன்.

சாமி என்னையே பார்த்துக்கொண்டு நின்றது. பிறகு அரிவாளைத் தரையில் ஓங்கிக் குத்திச் சொன்னது:

“ஒடம்பு ஒனக்கு. சுருட்டு எனக்கு. கொண்டுபோய்ப் பீடத்துல வையுங்கடா!”

குலவை வானத்தைக் கிழித்தது. சுருட்டை எல்லாம் அள்ளிப் பீடத்தில் வைத்து, ஒன்றை மட்டும் பற்றவைத்தார்கள். அது தானாகப் புகைந்து தானாக அணைந்தது. எங்கள் கோயிலில் இன்றைக்கும் அதுதான் வழக்கம். பக்கத்து ஊர்க்காரர்கள் எங்கள் சாமியைப் ‘பொண்டாட்டிக்குப் பயந்த கருப்பர்’ என்பார்கள். சொல்லிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள்.

சாமி வாக்கு ஆகிவிட்டதால் அதற்கப்புறம் எவனும் அவருக்குச் சுருட்டு நீட்டவில்லை. அவர் போய்க் கண்மாய்க் கரையில் உட்கார்ந்தால் மற்றவர்கள் அணைத்துவிட்டார்கள். என்னால் ஆகாததை ஊர் கூடிச் செய்தது. எனக்குக் கிடைத்த சம்பளம் ஒரு பட்டப்பெயர்: ஒடம்புக்காரி. கிணற்றடிக்குப் போனால், “வழி விடுங்கடி, ஒடம்புக்காரி அவசரமாப் போகணும்” என்பார்கள். கோட்டைப்பட்டினத்திலிருந்து கருவாடு கொண்டுவருகிற அம்மா, எங்கள் தெருமுனையில் நின்று, “ஒடம்புக்காரி வீடு எதுங்க?” என்று சத்தம் போட்டுக் கேட்டார். நான் வீட்டுக்குள்ளே ஒளிந்துகொண்டு, அந்த மாதம் முழுக்கக் கருவாடே வாங்கவில்லை.

அவருக்கு ஆசை மட்டும் போகவில்லை. புளியங்கொட்டையையும் ஊதச் சொல்வதையும் நான் நிறுத்திவிட்டேன். சாப்பிட்டு எழுந்து கை காதுக்குப் போகிற நேரத்தில் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வேன். அப்போதுதான் பேச ஆரம்பித்தார். நடந்து வந்த காட்டு வழியில் பசிக்குச் சோறு அந்தச் சுருட்டுதானாம். கூட வந்த சிநேகிதர் ஒருவர் வழியிலேயே கண்ணை மூடிவிட, கொள்ளி வைக்க வழியில்லாமல் ஒரு சுருட்டைப் பற்றவைத்துத் தலைமாட்டில் வைத்துவிட்டு நடந்தாராம். “அந்த வாசன வந்தா அவன் கூட நடந்து வர்ற மாதிரி இருக்கும் புள்ள” என்றார். இதைக் கேட்காமல் நான் மோந்து பார்த்துக்கொண்டு திரிந்திருக்கிறேன். அன்றைக்கு நானும் அழுதேன்.

பல வருஷம் கழித்தும், “இன்னும் ஆச போகல புள்ள” என்று பெருமூச்சு விடுவார். “எம்மேலயா, சுருட்டு மேலயா?” என்பேன். “அது சாமிக்கில்ல தெரியும்” என்பார். அன்றைக்குப் பேசியது சாமியா, நீங்களா என்று எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். சாமி வந்தால் ஒன்றும் ஞாபகம் இருக்காது என்பதைத் தவிர வேறு பதில் வந்ததில்லை.

அடுத்த மழையைப் பார்க்க மாட்டார் என்று டாக்டர் சொன்ன மனுஷன் பிள்ளைகள் பெற்று, அவர்களுக்குக் கல்யாணம் பண்ணி, பேரப்பிள்ளைகளைத் தோளில் தூக்கிவிட்டுத்தான் போனார். இருமிப் போகவில்லை, மூப்பு வந்து போனார். இப்போது எங்கள் வீட்டில் எவனாவது வேலைக்காக வெளியூர் கிளம்பினால், மருமகள்கள் என்னைப் பார்த்துக்கொண்டே, “பாத்துப் பத்திரமாப் போயிட்டு வாங்க, எங்களுக்கு இருக்கது ஒரே ஒடம்புதான்” என்பார்கள். வீடே சிரிக்கும். நான், “வாய மூடுங்கடி, கழுதைகளா” என்று திட்டுவேன்.

சில சமயம் மாதக்கணக்கில் யாரும் அதைச் சொல்லாமல் இருந்துவிடுவார்கள். வேலை, பிள்ளை, பள்ளிக்கூடம் என்று அவரவருக்கு அவரவர் பாடு. அப்போது சாப்பாட்டு நேரத்தில் எல்லாரும் உட்கார்ந்திருக்கும்போது, சும்மா சொல்வது மாதிரி, “இந்த வருசம் கருப்பருக்குப் படைப்பு எப்பங்கிறாக?” என்று நானே பேச்சை எடுத்துவிடுவேன். எவளாவது சிரிக்க ஆரம்பிப்பாள். திட்டுவதற்கு நான் தயாராக உட்கார்ந்திருப்பேன். எனக்கு இன்னும் ஆசை தீரவில்லை.